நூல் கோத்த படிவம்

என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய சாவிகளுக்கும் உலர்ந்துபோன மைப்பெட்டிக்கும் அடியில், ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. மொத்தம் ஐந்து தாள். மேலே வருமான வரிப் படிவத்தின் நகல், அதில் விருதுநகர் அலுவலகத்தின் வட்ட முத்திரை. அதற்குக் கீழே மூன்று கம்பெனிகளின் சம்பளச் சான்றுகள். ஐந்தாவது தாளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் கட்டில் எங்கேயும் பின் அடித்த தழும்பு கிடையாது. இடது மூலையில் ஒரு துளை போட்டு, அதன் வழியாக வெள்ளை நூலைக் கோத்து, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது. பட்டாசுச் சரம் பின்னுகிற நூல் அது. பதினெட்டு வருஷம் ஆகியும் முடிச்சு தளரவில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் இதை ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்க்கிறேன். எடுக்காமல் இருந்தால் எனக்கு நல்லது என்று தெரியும். இருந்தும் எடுக்கிறேன்.

இருபத்தாறு வயதில் எனக்கு இருந்த மண்டைக்கனத்தைச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும். பி.காம். முடித்துவிட்டுச் சிவகாசியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பெரிய பட்டாசுக் கம்பெனி, அச்சகம், தீப்பெட்டிக் கம்பெனி இவர்களுக்குத்தான் அங்கே நாற்காலி. வாத்தியார், கரண்டு ஆபீஸ் லைன்மேன், அச்சகத்து மிஷின்மேன் மாதிரி ஆட்கள் படிக்கட்டிலேயே நின்று நின்று கால் கடுத்துத் திரும்பிப் போவார்கள். இவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. வேலையை உதறினேன். திருத்தங்கல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதி இடத்தை வாடகைக்குப் பிடித்து ஒரு மேசை போட்டேன். ‘வருமான வரிப் படிவங்கள் நிரப்பித் தரப்படும், விளக்கம் இலவசம்’ என்று போர்டு மாட்டினேன். அந்தக் கடைசி இரண்டு சொல்லில்தான் என் பெருமை முழுவதும் இருந்தது.

நிரப்பித் தருகிறவர்கள் பலர் உண்டு. புரியவைக்கிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொள்வேன். கடை வாசலில் ஒரு தண்ணீர்க் குடம் இருக்கும். அதைக் காட்டித்தான் பாடம் எடுப்பேன். இந்தக் கழுத்து மட்டத்துக்குக் கீழே இருக்கிறது எல்லாம் உங்களுக்கு, அதற்கு மேலே வழிகிறதில் ஒரு பங்குதான் அரசாங்கத்துக்கு என்பேன். வரி கட்டுவது அபராதம் கட்டுவது இல்லை என்பேன். படிவத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும்: மேலே சொன்னவை எனக்குத் தெரிந்தவரையில் உண்மை, முழுமை என்று. அதை வரி வரியாகத் தமிழில் சொல்லி, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்துக்குப் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவேன். குருட்டுக் கையெழுத்து என் கடையில் நடக்காது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போர்மேன் அண்ணாச்சி வந்தது ஓர் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஐம்பது வயது இருக்கும். உள்ளே நுழைவதற்கு முன் ஷட்டரின் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு நொடி நின்றார். கடையைக் கும்பிடுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டு, இடுப்பிலிருந்த சில்லறையை எடுத்துச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். காது மடலின் மடிப்பில் அலுமினியத் தூள் வெள்ளி மாதிரி மின்னியது. எத்தனை குளித்தாலும் அது அங்கிருந்து போகாதாம்.

“கம்பெனி வாசல்ல செம்புத் தகடு அடிச்சிருப்பாக தாயி. ஒடம்புல கரண்டு நிக்கும். தொட்டுட்டுப் போனா எறங்கிரும். மடியில துட்டு உரசுனாலும் பொறி பறக்கும்,” என்று பிறகொரு நாள் சொன்னார். முப்பது வருஷப் பழக்கம். சொந்த வீட்டுக்குள் போகும்போதும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் போவார் என்று மதினி, அவருடைய மனைவி, சொல்லிச் சிரிப்பார்.

டிபன் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேசையில் வைத்தார். வருமான வரி அலுவலகத்துக் கடிதம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தபால்காரர் எங்கிருந்து வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை என்றார். நான் படிக்கத் தொடங்கும்போதே கேட்டுவிட்டார்.

“ஜெயிலு கியிலுன்னு ஏதும் இருக்கா தாயி?”

நான் சிரித்தேன். “அண்ணாச்சி, இதுக்கெல்லாம் ஜெயில் கிடையாது. பயப்படாம ஒக்காருங்க.”

அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பை இப்போது எவர் முகத்தில் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

கடிதத்தில் விஷயம் சாதாரணம். நீங்கள் மூன்று நிறுவனங்களிலிருந்து சம்பளம் பெறுவதாகத் தெரிகிறது, சேர்த்துப் பார்த்தால் வரம்பைத் தாண்டுகிறது, உரிய காலத்துக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் மூன்று கம்பெனிப் பெயரையும் படித்தேன். அண்ணாச்சி முதல் பெயருக்கு மட்டும் தலையாட்டினார். விஸ்வநத்தம் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில்தான் அவருக்கு வேலை. மற்ற இரண்டும் சாத்தூர்ப் பக்கம். அங்கே அவர் வேலை பார்த்ததே இல்லை. அதில் ஒன்றுக்குள் கால்கூட வைத்ததில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனி நடத்த வேண்டுமானால் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய போர்மேன் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். வெடிமருந்து கலக்கும் இடத்தில் எத்தனை பேர், எந்த அறையில் எவ்வளவு மருந்து, எப்போது வேலையை நிறுத்துவது, எல்லாம் அவர் பொறுப்பு. சான்றிதழ் உள்ள ஆள் குறைவு, கம்பெனி அதிகம். அதனால் ஒரு ஆளின் சான்றிதழ் நாலு சுவரில் தொங்கும். ஆள் ஒரு இடத்தில் இருப்பார். இதற்குப் ‘பேரு போட்டுக்கிடுறது’ என்று சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேரைப் போட்டுக்கொள்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்கள்.

அண்ணாச்சியின் முதலாளி அவருக்கு வேண்டியவர். மதினிக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர் கொடுத்தது. முதலாளியின் மச்சினனும் மச்சினனின் கூட்டாளியும் சாத்தூர்ப் பக்கம் கம்பெனி ஆரம்பித்தபோது, “ஒம் பேரப் போட்டுக்கிடுதோம்ப்பா” என்று ஒரு வார்த்தைதான் கேட்டாராம். இவர் சரி என்றிருக்கிறார். தீபாவளிக்கு ஒரு வேட்டி சட்டை, ஒரு பெட்டி பட்டாசு, அவ்வளவுதான் வரும். ஆனால் கம்பெனிக் கணக்கில் போர்மேனுக்குச் சம்பளம் எழுத வேண்டுமே. எழுதினார்கள். ஒழுங்காக, மாதாமாதம் எழுதினார்கள். அந்த எழுத்து விருதுநகர் போய், அங்கிருந்து இந்தக் கடிதமாகத் திரும்பி வந்திருந்தது.

“வாங்காத சம்பளத்த வாங்கினேன்னு எப்பிடித் தாயி எழுதுறது?” என்றார் அண்ணாச்சி.

நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை அப்படியே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் போதும். இந்த இரண்டு கம்பெனியிலும் நான் வேலை பார்க்கவில்லை, சம்பளம் பெறவில்லை, இப்படிக்கு. இரண்டு வரி. நான் என்ன செய்தேன்? இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, சாத்தூர்ப் பக்கத்துக் கம்பெனிகளின் கணக்கருக்குப் போன் செய்தேன். இரண்டுக்கும் அவரே கணக்கர். பழைய ஆடிட்டர் அலுவலகத்தில் என்னுடன் பழகியவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“இதுக்குப் போயி ஏம்மா மெனக்கெடுதீக? மூணையும் சேத்துக் காட்டுங்க. வர்ற வரிய நாங்க குடுத்துருதோம். சீசன் நேரம். அவரு இல்லைன்னு எழுதிக் குடுத்தா ரெண்டு லைசென்ஸும் போயிரும். எம்புட்டுப் பேரு பொழப்பு, யோசிங்க.”

யோசித்தேன். அண்ணாச்சி இல்லை என்று எழுதினால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பார், வேலை நிலைக்குமா என்று யோசித்தேன். இரண்டு கம்பெனியிலும் வேலை பார்க்கிற பெண்களின் பிழைப்பை யோசித்தேன். கம்பெனிக் கணக்கும் இவர் கணக்கும் ஒத்துப்போனால் யாருக்கும் கேள்வியே வராது என்று யோசித்தேன். எல்லாப் பக்கமும் யோசித்தேன், ஒரு பக்கத்தைத் தவிர. சான்றிதழ் எதற்காகச் சுவரில் மாட்டப்படுகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அது ஒரு வரிச் சிக்கல். அதை அவிழ்த்துவிட்டேன் என்கிற திருப்திதான் இருந்தது.

அண்ணாச்சி மறுபடி வந்தார். ஷட்டரைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரே தாளில் அடங்கிய படிவம் அப்போது உண்டு, ‘சரல்’ என்று பெயர். மூன்று சம்பளத்தையும் கூட்டி எழுதி, சான்றுகளை இணைத்து, வரி கட்டிய வங்கிச் சீட்டின் விவரத்தையும் எழுதியிருந்தேன். வழக்கம்போல உறுதிமொழியை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். உண்மை என்ற சொல்லில் அவர் என்னை நிறுத்தினார்.

“இது உண்மையா தாயி?”

“கணக்குக்கு இதுதான் உண்மை அண்ணாச்சி,” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் படித்த பிள்ளை சொல்கிறதே என்று தலையாட்டினார். நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். அதன் மேல் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். தாள்களைச் சேர்த்துப் பின் அடிக்க நான் ஸ்டேப்ளரை எடுத்ததும் கையை நீட்டித் தடுத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து நூல் சுற்றிய அட்டையையும் கூராகச் சீவிய ஒரு மூங்கில் குச்சியையும் எடுத்தார். இரும்புப் பின் ஒன்று கீழே விழுந்து, மருந்துத் தூளோடு காலடியில் உரசினால் போதும், ஒரு கட்டடமே போய்விடும் என்றார். இது ஜெராக்ஸ் கடைதானே அண்ணாச்சி என்று கேலி செய்தேன். “கைக்குத் தெரியாதுல்ல தாயி, இது எந்த எடம்னு,” என்று சொல்லிக்கொண்டே துளை போட்டு நூலைக் கோத்தார். அவருக்கென்று ஒரு கட்டு, அலுவலகத்துக்கு ஒரு கட்டு. இவ்வளவு கவனமான ஆளிடம்தான் நான் கவனமில்லாமல் நடந்துகொண்டேன்.

இருவரும் பஸ்ஸில் விருதுநகர் போய்த் தாக்கல் செய்தோம். முத்திரை விழுந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. வற்புறுத்திக் கடைக்குக் கூட்டிப்போய் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிக்கொடுத்தார். “அஞ்சாறு நாளா செத்துப் பொழச்சேன் தாயி. நீ நல்லா இருக்கணும்,” என்றார். மறுநாள் கணக்கர் ஆள் அனுப்பி, வரியைக் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று படிவத்தின் நகல் கேட்டார். என் கடையின் மிஷினிலேயே ஒன்று எடுத்துக் கொடுத்தனுப்பினேன். அதற்குக் காசுகூட வாங்கவில்லை.

புரட்டாசியில், தீபாவளிக்குச் சரக்கு ஏற்றுகிற அவசரத்தில், சாத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று வெடித்துப் போயிற்று. மத்தியான நேரம். திருத்தங்கல் வரை சத்தம் கேட்கவில்லை, செய்திதான் வந்தது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர் இருந்திருக்கிறார்கள். செத்தவர்களில் ஏழு பேர் பெண்கள். காயப்போட்ட மருந்தை வெயில் ஏறுவதற்குள் எடுக்கச் சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. எந்தக் கம்பெனி என்று அப்புறம் தெரிந்தது. படிவத்தில் நான் இரண்டாவதாக எழுதிய பெயர்.

சாயங்காலம் அண்ணாச்சி கடைக்கு வந்தார். அன்று அவர் ஷட்டரைத் தொடவில்லை. செருப்போடு உள்ளே வந்தார். “நான் நம்ம கம்பெனியிலதான் இருந்தேன் தாயி. காலையில எட்டு மணியில இருந்து அங்கனதான் இருந்தேன்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் போலீஸ் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. வெடித்த கம்பெனியின் முதலாளி தலைமறைவு. மேனேஜரும் போர்மேனும்தான் கையில் கிடைத்தார்கள்.

முதலில் எல்லோரும் தைரியமாகத்தான் இருந்தோம். அவர் அங்கே வேலை பார்க்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். கம்பெனிக்காரன் சுவரில் எதையும் மாட்டலாம், நோட்டில் எதையும் எழுதலாம், வாங்கினவன் கையெழுத்து எங்கே என்று கேட்டால் போயிற்று என்றார் வக்கீல். நாலாவது நாள் மதினி என் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

“நீ எழுதிக் குடுத்த தாளு அவுக கையில இருக்காம்ல. அங்கனயும் சம்பளம் வாங்கினேன்னு இவுகளே கையெழுத்துப் போட்டு சர்க்காருக்கே குடுத்திருக்காகளாம்ல. வக்கீலு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல தாயி?”

மிஷினில் நான் எடுத்துக் கொடுத்த நகல். அதை மேனேஜரின் வக்கீல் போலீசில் கொடுத்திருந்தார். எங்கள் வக்கீல் என்னைக் கூப்பிட்டு விளக்கினார். மூன்று கம்பெனியிலும் சம்பளம் வாங்கியதாக இவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், அப்படியென்றால் மாறி மாறிப் போய்ப் பார்த்திருக்க வேண்டியவர், அன்றைக்கு அங்கே இல்லாததுதான் அவர் குற்றம் என்று சொல்வார்கள் என்றார். அங்கே இல்லை என்பதுதான் அவரைக் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அதையே அவர் கழுத்தில் கட்டிவிட்டது அந்தத் தாள்.

அந்த வாரம் முழுக்க நான் பைத்தியம் மாதிரி அலைந்தேன். கணக்கரைப் பார்க்கப் போனேன். வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய வண்டி வாசலில் நின்றது. பழைய ஆடிட்டரின் காலில் விழாத குறை. “நீயா எழுதினே? நீயா?” என்று இரண்டு தடவை கேட்டார், அவ்வளவுதான். விருதுநகர் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். தாக்கல் செய்த கணக்கில் பிழை இருந்தால் திருத்திய படிவம் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, காலமும் இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. அவரே ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“தெரியாம எழுதின பிழைக்குத்தாம்மா இது. முதல்ல எழுதிக் குடுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

திருத்திய படிவத்தை அன்றே நிரப்பினேன். ஒரே ஒரு கம்பெனி, ஒரே ஒரு சம்பளம். எவ்வளவு லேசாக இருந்தது அந்தத் தாள். கையெழுத்துக்கான இடத்தில் பெருக்கல் குறி போட்டேன். குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்குள் இது போய்ச் சேர்ந்தால் கொஞ்சமாவது பிடி கிடைக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மதினியும் நானும் மதுரைச் சிறைக்குப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி நின்றார். பதினைந்து நாளில் காது மடல் சுத்தமாகியிருந்தது. அந்த வெள்ளி மினுமினுப்பு இல்லாத அவர் முகம் எனக்கு வேற்று ஆள் முகமாகத் தெரிந்தது.

காவலர் வழியாகத் தாளை உள்ளே கொடுத்தோம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாக விளக்கினேன். இதில் கையெழுத்துப் போட்டால் முன்னால் கொடுத்தது ரத்து, இதுதான் செல்லும் என்றேன். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“செத்துப்போன புள்ளைகள்ல ஒருத்தி எங்கூரு தாயி. வேலைக்குச் சேரும்போது, இந்தக் கம்பெனியில நம்ம போர்மேனு பேரு போட்டிருக்குன்னு வீட்ல சொல்லிட்டுப் போயிருக்கா. பயமில்லைன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.”

“அண்ணாச்சி, நீங்க அங்க வேலை பாக்கல. அதத்தான் இதுல எழுதியிருக்கு.”

“வேல பாக்கல. சம்பளம் வாங்கல. வாஸ்தவந்தான். பேரக் குடுத்தேன்ல?” தாளை அவர் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “அத எந்தக் கட்டத்துல எழுதணும் தாயி?”

மதினி கம்பியில் முட்டிக்கொண்டு அழுதார். “கையெழுத்தப் போடுங்க, ஒங்களக் கும்பிடுதேன், போடுங்க,” என்று கத்தினார். நானும் கெஞ்சினேன். எனக்காகப் போடுங்கள் என்றுகூடச் சொன்னேன். நான் கேட்டது உண்மையில் எனக்காகத்தான். “ஒரு தடவ நீ சொன்னேன்னு உண்மைன்னு போட்டேன். போதும் தாயி,” என்றார். அதில் கோபம் இல்லை. தாள் வெறுமையாகத் திரும்பி வந்தது.

வக்கீலிடம் இன்னொரு வழி இருந்தது. நான் சாட்சி சொல்ல வேண்டும்: அவருக்கு விவரம் தெரியாது, நான்தான் அப்படி எழுதச் சொன்னேன் என்று. நாளைக்குச் சொல்கிறேன் என்று பதில் சொன்னேன். அந்த ஒரு நாள் தாமதத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. தொழில் போகும், என் மேல் வழக்கு வரும் என்று பயந்தேன். பிறகு போய்ச் சம்மதித்தேன். இரண்டு வருஷம் கழித்துக் கூண்டில் ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன், கணக்கர் போனில் சொன்னதையும் சொன்னேன். போன் பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். உங்கள் கடையில் விளக்கம் இலவசம் என்று போர்டு இருக்கிறதா? இருக்கிறது. உறுதிமொழியை எல்லோருக்கும் தமிழில் சொல்வீர்களா? சொல்வேன். இவருக்கும் சொன்னீர்களா? சொன்னேன். புரிந்ததா அவருக்கு?

நான் எங்கள் வக்கீலைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார். புரியவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புரிந்தது,” என்றேன்.

அவ்வளவுதான். புரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று தீர்ப்பில் எழுதினார்கள். மேனேஜருக்கும் போர்மேனுக்கும் இரண்டு வருஷம். சாத்தூர் முதலாளிக்கும் அதேதான். ஆனால் அவர் மேல்முறையீடு செய்து வெளியே இருந்தார். இவர்களுக்கு மேல்முறையீட்டுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? விஸ்வநத்தத்து முதலாளி, மதினியின் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தவர், கோர்ட்டுப் பக்கமே வரவில்லை.

அண்ணாச்சி விடுதலையாகி வந்த பிறகு ஒரே ஒரு தடவை என் கடைக்கு வந்தார். சான்றிதழ் ரத்தாகிவிட்டது. ஒரு அச்சகத்தில் வாட்ச்மேன் வேலை என்றார். ஷட்டரில் உள்ளங்கையை வைத்து நின்றுவிட்டு உள்ளே வந்தார். மடியிலிருந்து இந்தக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவருக்கென்று அன்று அவரே கோத்துக்கொண்ட கட்டு. “வீட்டுல இருந்தா அவ பாத்துப் பாத்து அழுவுறா. நீ வச்சுக்க தாயி.” எனக்கு அதைத் தொடக் கை வரவில்லை. ஜெயில்ல குடுத்தியே, அந்தத் தாளு இருக்கா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இப்போதாவது கையெழுத்துப் போடப் போகிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். போட்டாலும் எதற்கும் ஆகாத காலம் அது. இருந்தும் பேனாவை எடுத்து நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. மூங்கில் குச்சி இல்லாததால் தென்னை ஈர்க்கை முறித்து ஒரு துளை போட்டு, பழைய முடிச்சை அவிழ்த்து, அந்தத் தாளைக் கடைசியில் வைத்து மறுபடி கட்டினார். “ரெண்டும் ஒண்ணாவே கெடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு நாலைந்து வருஷம்தான் இருந்தார். துக்கத்துக்குப் போனேன். மதினி என்னிடம் பேசவில்லை.

இப்போது தாளே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில். யார் யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள், வங்கியில் எவ்வளவு வட்டி என்று முன்பே நிரப்பி வைத்துவிடுகிறது. வருகிறவர்கள், சரின்னு அமுக்குங்க மேடம், வண்டி நிக்குது என்று அவசரப்படுத்துகிறார்கள். நான் அமுக்குவதில்லை. திரையில் இருக்கிற ஒவ்வொரு கம்பெனிப் பெயரையும் படித்து, இங்கே நெசமாவே நீங்க வேலை பாத்தீகளா, இந்தப் பணம் ஒங்க கைக்கு வந்துச்சா என்று கேட்கிறேன். இந்தம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று சிரிக்கிறார்கள். சிலர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். விளக்கம் இலவசம் என்ற வரியை நான் சுண்ணாம்பு அடித்து அழித்து வெகுகாலம் ஆகிறது.

படிவத்தில் வருஷா வருஷம் புதுக் கட்டங்கள் சேர்க்கிறார்கள். புதுப் படிவம் வந்ததும் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒரு தடவை படித்துவிடுவேன். தொழிலுக்காகத்தான் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அண்ணாச்சி கேட்ட கட்டம் இந்த வருஷமும் இல்லை. படித்து முடித்துவிட்டு இழுப்பறையைத் திறந்து கட்டை எடுத்து, நூலை அவிழ்க்காமலே ஐந்தாவது தாளைப் புரட்டிப் பார்த்தேன். பென்சிலில் போட்ட பெருக்கல் குறி பாதி அழிந்துவிட்டது, அதற்கு மேலே கையெழுத்து இல்லை.